காது மந்தமான டீச்சரும் நூறு வருஷத்து இசைத்தட்டும்



ரெண்டு மாதமாக என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் டிரம்பெட்டும் டிராம்போனுமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். "என்ன டீச்சர், சுப்ரபாதம் போய் பேண்டு செட்டு வந்துடுச்சு?" என்று 1989 பேட்ச் பையன் ஒருவன் கேட்டிருந்தான். (பையன் என்கிறேன், அவன் மகள் காலேஜ் போகிறாள்.) என் நாத்தனார் போனில், "அண்ணி, இது யார் வீட்டுக் கல்யாண ஊர்வலம்?" என்று கேட்டார். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். ஐந்தாம் வகுப்பில் நான் சொல்லச் சொல்ல டிக்டேஷன் எழுதியவர்கள் நீங்கள், படிப்பதற்கா சோர்ந்து போவீர்கள்?

அது கல்யாண ஊர்வலம் இல்லை. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் என்ற துறைமுக ஊரில் நூறு நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் பிறந்த ஜாஸ் இசை. அதிலும் பழைய பாணி. டிரடிஷனல் ஜாஸ் என்பார்கள், டிக்ஸிலேண்ட் என்றும் சொல்வார்கள்.

எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், பேத்திதான். டல்லாஸில் இருக்கும் என் மகளின் பெண். அங்கே ஆறாம் வகுப்பு வந்ததும் பள்ளி பேண்டில் சேர விரும்பும் பிள்ளைகள் ஆளுக்கொரு வாத்தியம் எடுத்துக்கொள்கிறார்கள். இவள் எடுத்தது கிளாரினெட். "அம்மாச்சி, இது உனக்குத் தெரியாத வாத்தியம்" என்றாள். திருச்சிக்காரியிடமா சொல்கிறாய் என்றேன். ஏ.கே.சி. நடராஜன் ஊர் இது. மேல்நாட்டு வாத்தியத்தில் கமகம் பேச வைத்து, 2022-ல் பத்மஸ்ரீ வாங்கிய மனிதர். கோயில் கச்சேரிகளில் அவர் வாசித்து நானும் உங்கள் சாரும் கேட்டிருக்கிறோம். ஆக, கிளாரினெட் எனக்குப் பழகிய குரல்.

பேத்தி முதலில் கற்றுக்கொண்டு அனுப்பிய பாட்டு, புனிதர்கள் அணிவகுத்து வருவதைப் பற்றிய ஒரு பழைய கிறிஸ்தவப் பாடல். இது எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் நியூ ஆர்லியன்ஸில் இறங்கினேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை உறவுகளில் சிலருக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன், இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். எனக்குக் காது மந்தமாகிக்கொண்டு வருகிறது. வயதினால் வருவதுதான். 3000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் சத்தங்கள் படிப்படியாக விலகிப் போகின்றன. சோதித்துப் பார்த்த ஆடியாலஜிஸ்ட் பெண் ஒரு வரைபடம் கொடுத்தாள். இடது பக்கம் சமதரையாக வந்து, வலது பக்கம் மலைக்கோட்டைப் படிக்கட்டு போல இறங்குகிறது. மெதுவாக இன்னும் இறங்கும், நிறுத்த மருந்து இல்லை, மெஷின் வைத்துச் சமாளிக்கலாம் என்றாள். நல்ல பெண், நேராகச் சொன்னாள்.

முப்பத்தாறு வருஷம் "என்ன, கடைசி பெஞ்சில் சத்தம்?" என்று கேட்ட காது இது. இப்போது கல்லா பல்லா என்று தெரியவில்லை. உயிரெழுத்து எல்லாம் கேட்கிறது, மெய்யெழுத்துதான் கைவிடுகிறது. க, த, ப என்று வேறுபடுத்திக் காட்டும் சின்னச் சின்ன ஒலிகள் மேல் பகுதியில் இருக்கின்றனவாம். அதிலும் சிறுமிகளின் குரல், அதிலும் போனில், அதிலும் அமெரிக்க வேகத்தில்! பேத்தி பேசுவதில் பாதி எனக்கு எட்டவில்லை. மகள் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள், தமிழிலிருந்து தமிழுக்கு. பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்தால் அப்புறம் என்ன பேச்சு இருக்கும், சொல்லுங்கள்.

சரி, பாட்டுக்கு வருகிறேன்.

முதலில் டிக்ஸிலேண்ட் என்று தேடினேன். கோடு போட்ட கோட்டும் வைக்கோல் தொப்பியும் போட்டுக்கொண்ட வெள்ளைக்காரத் தாத்தாக்கள் சிரித்துக்கொண்டே வாசிக்கும் வீடியோக்கள் வரிசையாக வந்தன. கலகலப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. மூன்றாவது பாட்டில் எனக்கு அலுத்துவிட்டது. எல்லாம் ஒரே வேகம், ஒரே சிரிப்பு. அந்தச் சொல்லிலேயே ஒரு வில்லங்கம் இருப்பதும் பிறகுதான் தெரிந்தது. டிக்ஸி என்பது அடிமை முறை இருந்த தென் மாநிலங்களுக்குச் செல்லப்பெயர். அந்த இசையை உருவாக்கிய கறுப்பினக் கலைஞர்களில் பலருக்கு அந்தப் பெயர் பிடிக்காது. பிடிக்குமா பின்னே? அதனால் "நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ்" என்று தேடுங்கள். கிடைப்பதும் வேறு தரத்தில் இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. கறுப்பின மக்களின் இசை என்று உலகமே சொல்லும் ஜாஸில், முதன்முதலில் வெளிவந்த இசைத்தட்டு வெள்ளையர்களுடையது. ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் என்ற ஐந்து பேர் கொண்ட குழு, 1917 பிப்ரவரி 26-ஆம் தேதி நியூயார்க்கில் விக்டர் கம்பெனிக்காக வாசித்தது. அதில் ஒரு பக்கம் 'லிவரி ஸ்டேபிள் புளூஸ்'. குதிரை லாயம் என்று பொருள். கிளாரினெட் சேவல் மாதிரி கூவும், கார்னெட் குதிரை மாதிரி கனைக்கும், டிராம்போன் மாடு மாதிரி கத்தும். இது மட்டும் அன்றைக்கே என் கையில் இருந்திருந்தால் இரண்டாம் வகுப்பு விலங்குகள் பாடத்தை எப்படி நடத்தியிருப்பேன் தெரியுமா! குழுத் தலைவர் நிக் லாரோக்கா, ஜாஸை உண்டாக்கியதே நாங்கள்தான் என்று பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார். தட்டு முதலில் வந்தது என்பதற்காக இசையும் அங்கேதான் பிறந்தது என்று ஆகிவிடுமா? அவருக்கும் முன்னால் பட்டி போல்டன் என்ற கறுப்பினக் கார்னெட் கலைஞர் அந்த ஊரையே ஆட்டி வைத்திருந்தார். 1907-ல் மனநோய் விடுதிக்குப் போனவர், 1931-ல் அங்கேயே இறந்தார். அவர் வாசித்த ஒரு நொடி ஒலிப்பதிவுகூட இன்று உலகத்தில் யார் கையிலும் இல்லை.

இப்போது நான் ஸ்டேட்டஸில் திரும்பத் திரும்பப் போடும் பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'டிப்பர்மவுத் புளூஸ்.' 1923 ஏப்ரல். கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட். இண்டியானா மாநிலத்தில் ரிச்மண்ட் என்ற சின்ன ஊர், கெனட் கம்பெனியின் ஒலிப்பதிவுக் கூடம். பக்கத்திலேயே ரயில் பாதை. ரயில் வந்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

அப்போது மைக் கிடையாது. சுவரிலிருந்து ஒரு பெரிய புனல் நீட்டிக்கொண்டிருக்கும். வாசிப்பவர்கள் அதன் முன்னால் நிற்க வேண்டும். சத்தத்தின் வலுவே மறுமுனையில் உள்ள ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். டிரம்மை ஓங்கி அடித்தால் ஊசி துள்ளிவிடும் என்று, பேபி டாட்ஸ் என்ற அற்புதமான டிரம்மர் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். ஆலிவரின் சீடனாக இரண்டாவது கார்னெட் வாசிக்க வந்த இருபத்தொரு வயதுப் பையனின் ஊதல் மற்ற எல்லாரையும் மூழ்கடித்தது. அவனை அறையின் தூர மூலைக்குத் தள்ளி நிறுத்தினார்கள். தனியாகப் போய் அங்கே சோகமாக நின்றான் என்று பியானோ வாசித்த லில் ஹார்டின் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அடுத்த வருஷமே அவனைக் கல்யாணமும் செய்துகொண்டார். அந்தப் பையன் பெயர் லூயி ஆம்ஸ்ட்ராங்.

இந்தப் பாட்டை முதல் தடவை கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எல்லாம் தெளிவாகக் கேட்டது. நடுநாயகமாகக் கார்னெட், அதைச் சுற்றி மேலே கொடி படர்வது மாதிரி ஜானி டாட்ஸின் கிளாரினெட், கீழே வழுக்கிக்கொண்டு போகும் டிராம்போன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் தனித்தனியாகப் பேசுகிறார்கள், ஆனால் சண்டை இல்லை. நடுவில் ஆலிவர் ஊதுகுழலின் வாயை மூடி மூடித் திறந்து அழுவது மாதிரி வாசிக்கும் பகுதி ஒன்று வருகிறது. அதை எத்தனையோ கார்னெட் கலைஞர்கள் அப்படியே மனப்பாடமாக வாசித்திருக்கிறார்கள். கடைசியில் யாரோ ஒருவர் உரக்கக் கூவுவார், அதுகூடக் கேட்டது. நேற்றைய சினிமாப் பாட்டு பஞ்சை வைத்து அடைத்த மாதிரி கேட்கும் எனக்கு, நூறு வருஷத்துக்கு முந்தைய தட்டு எப்படித் தெளிவாகக் கேட்கிறது?

அதே பாட்டை வீடியோ காலில் பேத்திக்குப் போட்டேன். அவள் முகத்தைச் சுளித்தாள். மகள் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்: "பாட்டு முழுக்க யாரோ அப்பளம் பொரிக்கிறாங்களாம்மா!"

அப்பளமா? எனக்கு ஒரு அப்பளமும் கேட்கவில்லை.

நம் பள்ளியில் படித்து இப்போது சென்னையில் ஒலிப்பதிவு வேலை பார்க்கும் ஒருவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். (பெயர் போட்டால் கோபித்துக்கொள்வான். ஆறாம் வாய்ப்பாட்டில் தடுக்கி விழுந்த ஆள் என்று மட்டும் சொல்கிறேன், அவன் செட்டு கண்டுபிடித்துவிடும்.) அவன் பொறுமையாக விளக்கினான். மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அந்தப் புனல் காலத்து ஒலிப்பதிவில் பிடிபட்டதோ சுமாராக 250-லிருந்து 2500 ஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேலே இருப்பதில் பெரும்பகுதி ஊசி தேய்கிற இரைச்சல். "டீச்சர், உங்களுக்குக் காது போனது 3000-க்கு மேலேதானே? அந்தத் தட்டில் இசை இருக்கிற இடம் பூராவும் உங்க காது நல்லா இருக்கிற இடம். இரைச்சல் இருக்கிற இடம்தான் உங்களுக்குக் கேட்கலை. எங்களைவிட நீங்கதான் அதைச் சுத்தமா கேக்குறீங்க" என்றான்.

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். காது வரைபடம் வாங்கிய நாளிலிருந்து எதைக் கேட்டாலும், இதில் எனக்கு வராமல் போவது எவ்வளவு என்ற கணக்கு உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இந்தத் தட்டில் அந்தக் கணக்கு இல்லை. 1923-ல் அந்தப் புனலுக்குள் போன இசையில் எது மிச்சமோ, அது முழுசாக எனக்கு வருகிறது.

அன்றிலிருந்து தேடல் மும்முரமாகிவிட்டது. கண்டுபிடித்த சில விஷயங்களைச் சொல்கிறேன், என் வயதுக்காரர்களுக்குப் பயன்படும்.

1925-லிருந்து மைக் வைத்து மின்சார ஒலிப்பதிவு வந்துவிட்டது. ஒலி விரிந்தது. அப்போதும் எனக்கு அதிகம் இழப்பில்லை. அந்த வருஷம் நவம்பரில் ஆம்ஸ்ட்ராங் சிகாகோவில் ஹாட் ஃபைவ் என்ற சொந்தக் குழுவோடு ஓகே கம்பெனிக்கு வாசிக்க ஆரம்பித்தார். ஐந்தே பேர். டிரம் இல்லை, கூட்டமில்லை, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நிற்க இடம் இருக்கிறது. காது மந்தமானவர்களுக்கு இதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. 1928 ஜூன் 28-ல் பதிவான 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' மட்டும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். துணை வாத்தியம் எதுவும் இல்லாமல் டிரம்பெட் மட்டும் ஆலாபனை மாதிரி எழும்பி இறங்கும், சில விநாடிதான். உடம்பு சிலிர்த்துவிடும். கடைசியில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார் பாருங்கள்! அந்தப் பாட்டை இயற்றியவர் யார் தெரியுமா? குரு கிங் ஆலிவர். அதே மாதம் சில நாட்களுக்கு முன்னால் அவரும் அதைப் பதிவு செய்திருக்கிறார். இரண்டையும் கேட்டேன். குருவுடையது அழகு, சீடனுடையது வேறு உலகம்.

ஆலிவரின் முடிவுதான் மனசை அறுக்கிறது. ஈறு நோயால் பல் போயிற்று. பல் போனால் ஊத முடியாது. கடைசிக் காலத்தில் ஜார்ஜியா மாநிலத்து சவானா நகரில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்து, 1938-ல் இறந்தார். ஆம்ஸ்ட்ராங் கடைசி வரை அவரை "பாப்பா ஜோ" என்றுதான் சொல்வார். ஆம்ஸ்ட்ராங்குக்கு அதற்கும் முன்னால் ஒரு வாத்தியார் இருந்தார். 1912 புத்தாண்டு இரவில் தெருவில் துப்பாக்கியால் சுட்டதற்காகப் பதினொரு வயதில் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டான் அந்தப் பையன். அங்கே இசை ஆசிரியர் பீட்டர் டேவிஸ். ஆரம்பத்தில் இவனைக் கண்டாலே அவருக்குப் பிடிக்காதாம். பிறகு மனம் மாறி, ஒவ்வொரு வாத்தியமாகக் கொடுத்துப் பார்த்து, கடைசியில் கார்னெட்டைக் கையில் கொடுத்தார். நானும் வாத்தியார் என்பதால் இந்த டேவிஸைப் பற்றி அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

பல் என்றதும் இன்னொன்று. பங்க் ஜான்சன் என்ற பழைய டிரம்பெட் கலைஞர், வாசிப்பதை விட்டுவிட்டு நியூ ஐபீரியா என்ற ஊரில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார். 1930-களின் கடைசியில் ஜாஸ் வரலாறு எழுதியவர்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். எனக்குப் பல்லும் ஒரு டிரம்பெட்டும் கொடுங்கள், வாசித்துக் காட்டுகிறேன் என்றார். பணம் திரட்டிக் கொடுத்தார்கள். பல் செட்டு செய்து கொடுத்த பல் மருத்துவர், கிளாரினெட் மேதை சிட்னி பெஷேயின் அண்ணன் லெனர்ட். 1942-ல் பங்க் ஜான்சனின் தட்டு வந்தது. பழைய பாணி மறுபடி உயிர்பெற்றதற்கு இது ஒரு பெரிய காரணம். காது மெஷின் வைத்துக்கொள்ள வெட்கப்படும் என் வயது உறவுகள் (யார் என்று உங்களுக்கே தெரியும்) இந்த மனிதரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளவும்.

நம் நாட்டுத் தொடர்பும் ஒன்று உண்டு. 1926-ல் ஆம்ஸ்ட்ராங்கோடு சேர்ந்து தட்டு வெளியிட்ட டெடி வெதர்ஃபோர்ட் என்ற பியானோ கலைஞர், சீனா, பம்பாய் என்று சுற்றிக் கடைசியில் கல்கத்தாவில் வாசித்துக்கொண்டிருந்தவர், 1945-ல் அங்கேயே காலராவில் இறந்துபோனார்.

எங்கே கேட்பது? அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் நேஷனல் ஜூக்பாக்ஸ் என்று ஒரு வசதி வைத்திருக்கிறது, விக்டரின் பழைய தட்டுகள் இலவசம். 1917 தட்டு அங்கே இருக்கிறது. அமெரிக்காவில் 1923-ல் வெளியான ஒலிப்பதிவுகள் 2024 ஜனவரி 1 முதல் பொதுச்சொத்து, வருஷத்துக்கு வருஷம் அடுத்தடுத்தவை சேர்ந்துகொண்டே வருகின்றன. நம் சட்டப்படி வெளியான வருஷத்துக்குப் பிறகு 60 வருஷம்தான் உரிமை. ஆகவே ஆலிவரைக் கேட்கத் திருட்டுத்தனம் எதுவும் தேவையில்லை. யூடியூபில் கேட்பதானால் ஒன்று கவனியுங்கள். ஒரே பாட்டு பத்துப் பேர் போட்டிருப்பார்கள். இரைச்சலை எடுக்கிறேன் பேர்வழி என்று கிளாரினெட்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டவர்கள் அதில் பாதி. கொஞ்சம் அப்பளம் பொரிந்தாலும் பரவாயில்லை என்று விட்டு வைத்ததைத் தேர்ந்தெடுங்கள். ஜான் ஆர். டி. டேவிஸ் என்ற ஆங்கிலேயர் மாற்றிக் கொடுத்த பதிப்பு என்று பெயர் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம்.

காது மெஷின் வைத்திருப்பவர்களுக்கு: அது பேச்சுக்காகச் செய்யப்பட்ட பொருள். நீண்டு ஒலிக்கும் புல்லாங்குழல், கிளாரினெட் சுரத்தை அது தன் சொந்த விசில் என்று நினைத்து அடக்கப் பார்க்கும், சுரம் நடுங்கும். ஆடியாலஜிஸ்டிடம் இசைக்கென்று தனியாக ஒரு புரோகிராம் போட்டுத் தரச் சொல்லுங்கள். எனக்கு அந்தப் பெண் போட்டுக் கொடுத்தாள், பத்து நிமிஷ வேலை.

இங்கிலாந்தில் 1950-களில் இந்தப் பாணிக்கு வந்த பெரிய அலை, கிறிஸ் பார்பர், ஆக்கர் பில்க் எல்லாம் இன்னொரு நாள் எழுதுகிறேன். நியூ ஆர்லியன்ஸில் 1961-லிருந்து நடக்கும் பிரிசர்வேஷன் ஹால் கச்சேரிகளும் அப்படியே.

இப்போது நானும் பேத்தியும் வாரம் ஒரு தட்டு சேர்ந்து கேட்கிறோம். மூன்று நிமிஷம்தான், பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு அவ்வளவுதான் இடம். பேச்சு அதிகம் தேவைப்படுவதில்லை. கிளாரினெட் வரும் இடத்தில் அவள் கையைத் தூக்குவாள், நானும் தூக்குவேன். பெரும்பாலும் ஒரே நேரத்தில் தூக்குகிறோம். மகள் இப்போது நடுவில் உட்காருவதில்லை, சமையலறைக்குப் போய்விடுகிறாள். போன வாரம் ஆலிவர் தட்டில், இரண்டு கார்னெட்டும் சேர்ந்து வாசிக்கும் துண்டு ஒன்றில், குருவும் சீடனும் எங்கே பிரிகிறார்கள் என்று எனக்கும் அவளுக்கும் பெரிய வாக்குவாதம். நான்தான் ஜெயித்தேன் என்று நினைக்கிறேன், அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

வரும் சனிக்கிழமை ஜார்ஜ் லூயிஸ். துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் பிழைத்துக்கொண்டே கிளாரினெட் வாசித்தவர். 1944-ல் அவர் வாசித்த 'பர்கண்டி ஸ்ட்ரீட் புளூஸ்' எடுத்து வைத்திருக்கிறேன். நம் நேரம் இரவு எட்டு மணி, அவளுக்குக் காலை. சேர்ந்துகொள்ள விருப்பமுள்ளவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், லிங்க் அனுப்புகிறேன். போன் பண்ணாதீர்கள் கண்ணுங்களா, எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்